கனி காத்த நிக்கொலா அப்பேர்

எம் ஊர் வேப்பனப்பள்ளி. கன்னட நாடும் ஆந்திர நாடும் தமிழகத்தை நெருங்கி நிற்கும் எல்லையில், மார்க்கண்டேய நதி பாயும் நிலப்பரப்பில், மாந்தோப்புகள் சூழ அமைந்தது. வைகாசி, ஆனித் திங்களில் எம் பக்கத்துச் சாலைகளிலே மாங்காய் ஏற்றிய லாரிகளே மிகுதியாகச் செல்லும். ஆயினும், காய்ப்பு மிகுந்த ஆண்டே உழவன் கவலை மிகுந்த ஆண்டாக முடிதலும் உண்டு. யாம் சிறுவராயிருந்த காலை ஓராண்டு விலை மிகத் தாழ்ந்தது. பறிகூலிக்கும் கட்டாதெனக் கண்ட எம் தந்தையார், ஒரு பகுதிக் காய்களை மரத்திலேயே விட்டுவிட்டார். பழுத்து வீழ்ந்தவற்றை வெள்ளாடுகள் தின்றன, கோழிகள் கொத்தின, எஞ்சியவை அழுகின. எம் பாட்டியார் மட்டும் கூடை கூடையாகப் பொறுக்கி, காயை உப்பிலிட்டும், பழச்சாற்றைப் பாயில் தடவி வெயிலில் உலர்த்தியும், ஓராண்டுக்கு வேண்டியதைச் சேர்த்து வைத்தார். அழியும் பொருளை அழியாமற் காத்தல் எத்துணை அரிய தொழில் என்பதை யாம் முதன்முதல் உணர்ந்தது அன்றேயாம். அத்தொழிலுக்குப் புதுவழி கண்ட ஒருவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

நிக்கொலா அப்பேர் என்பார் பிரான்சு தேசத்தில், ஷாம்பேன் மாகாணத்து ஷாலோன் நகரில், 1749ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17ஆம் நாள் பிறந்தார். தந்தையார் விடுதி நடத்தி வாழ்ந்தவர். ஆகவே, பள்ளிக்கூடத்தினும் மிகுதியாகச் சமையற்கட்டும் நிலவறையுமே இவருக்கு ஆசிரியராயின. பண்டங்களைச் சேமிக்கும் வகையெல்லாம் இளமையிலேயே பழகினார். பின்னர் ஜெர்மானியச் சிற்றரசர் ஒருவரின் அரண்மனையிற் சமையல் தொழில் புரிந்து, 1784ஆம் ஆண்டிற் பாரிசு நகரை அடைந்து இனிப்புப் பண்டக்கடை ஒன்று நிறுவினார்.

பழங்களைச் சர்க்கரைப்பாகில் இட்டு விற்றல் அக்கடையின் தொழில். ஆனால் ஒரு குறை அவர் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. சர்க்கரையில் இட்ட பழம் சர்க்கரைச் சுவையே தருகின்றது. உப்பிலிட்ட இறைச்சி உப்பாகவே நிற்கின்றது. உலர்த்திய காயோ தன் மணத்தை இழக்கின்றது. பொருளைக் காக்கப் புகுந்து அதன் இயல்பைக் கெடுக்கின்றோமே. தோட்டத்திற் பறித்த அன்றைய சுவை மாறாமல் அதனைக் காத்தல் ஒல்லுமோ என்பதே அவருடைய ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

இடையே பிரெஞ்சுப் புரட்சி எழுந்தது. அப்பேர் அதில் ஈடுபட்டுழைத்தவர். எனினும் 1794ஆம் ஆண்டிற் சிறைப்பட்டுச் சில திங்கள் துன்புற்றார். உயிர்தப்பி வெளிப்போந்த பின், அரசியலை விடுத்து அடுப்பையே நாடினார். அடுத்த பதினைந்தாண்டுகள் அவ்வொரு முயற்சியிலேயே கழிந்தன.

அவர் கண்ட முறை கேட்பதற்கு மிக எளியது. அகன்ற வாயுடைய தடித்த கண்ணாடிச் சீசாக்களிற் பண்டத்தை இடுவார். நல்ல தக்கையால் இறுக அடைத்துக் கம்பியாற் கட்டுவார். சுண்ணாம்பும் பாலடைக்கட்டியும் கலந்த பசையால் வாயை மெழுகுவார். சீசாக்கள் ஒன்றோடொன்று மோதி உடையாவண்ணம் ஒவ்வொன்றையும் முரட்டுத் துணிப்பையில் இட்டு, கொப்பரை நீரில் அடுக்கிக் கொதிக்கவைப்பார். எப்பண்டத்துக்கு எத்துணை நேரம் என்பதே அறிதற்கரியதாயிருந்தது. அதனை நூலிற் கண்டாரல்லர். கெட்ட சீசாக்களே அவருக்குக் கற்பித்தன.

1802ஆம் ஆண்டளவிற் பாரிசுக்குத் தெற்கேயுள்ள மாசி என்னும் ஊரில் தொழிற்சாலை அமைத்தார். அதனைச் சூழ்ந்த நிலத்தில் பட்டாணியும் அவரையினமும் பயிராயின. பறித்த காய் வாடுமுன் சீசாவிற் புகவேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான விதி. இலையுதிர்காலத்துக் கனிகளேயன்றி, கோழியிறைச்சியும், பாலும், முட்டையும் அவர் கைக்குத் தப்பவில்லை. முட்டைகள் உடையாதிருக்கச் சீசாவினுள்ளே ரொட்டித் தூளை இட்டு அடுக்கினார் என்பர். எம் பாட்டியார் முட்டைகளைத் தவிட்டுக் கூடையிற் புதைத்து வைப்பதை இஃது எமக்கு நினைவூட்டிற்று. அறிஞரும் இல்லத்தாரும் ஒரே வழியிற் சிந்தித்தலில் வியப்பென்னை!

உப்பிட்ட இறைச்சியையே நெடுநாள் உண்டு நோயுற்ற மாலுமிகளுக்கு இம்முறை பயன்படுமோ எனக் கப்பற்படையினர் பிரெஸ்ட் துறைமுகத்திற் சோதித்தனர். சில திங்கள் கழித்துத் திறந்தபோது குழம்பும் காய்களும் நன்னிலையில் இருந்தன. அப்பேரின் பெயர் நாடெங்கும் பரவிற்று.

அவர் வாழ்க்கையின் உரைகல் 1810ஆம் ஆண்டில் வந்தது. அரசாங்கம் அவர்முன் இரு வழிகளை வைத்தது. காப்புரிமை பெற்று முறையைத் தமக்கே உரியதாக்கிக் கொள்ளலாம்; அன்றேல், எல்லாரும் அறிய நூலாக வெளியிட்டு 12,000 பிராங்கு பரிசு பெறலாம். கடன்சுமை மிகுந்த வணிகர் அவர். முதல் வழியே செல்வத்துக்கு வழி என்பதை அறியாதவரல்லர். ஆயினும் இரண்டாவதையே தேர்ந்தார். தம் நூலை அச்சிட்டு 200 படிகளை அரசுக்கு ஒப்புவித்தார். அந்நூலின் பிற்பதிப்பு எல்லா இல்லங்களுக்கும் உரிய நூல் என்றே பெயர் தாங்கிற்று. அவருடைய கருத்து, பெரிய ஆலைகளோடு நில்லாது, தோட்டமும் அடுப்பும் உள்ள ஒவ்வோர் இல்லத்தையும் நாடியது.

விளைவு யாது? அதே ஆண்டில் இலண்டனிற் பீட்டர் டியூராண்டு என்பார் இம்முறைக்கு அரசுரிமை பெற்றார்; சீசாவோடு தகரம் பூசிய இரும்புக் கலமும் அவ்வுரிமையில் இடம்பெற்றது. 1813ஆம் ஆண்டில் ஆங்கிலக் கப்பற்படைக்கு டப்பா உணவு செல்லலாயிற்று. பிறர் பொருளீட்டினர். 1814, 1815ஆம் ஆண்டுகளில் அந்நியப் படைகள் பிரான்சிற் புகுந்தபோது மாசித் தொழிற்சாலை பாழாயிற்று. அப்போது அவருக்கு அகவை 65. சோர்ந்தாரல்லர்; பாரிசில் மீண்டுந் தொழிலைத் தொடங்கித் தகரக் கலங்களையும் கையாண்டார். 1822ஆம் ஆண்டில் மனித குலத்தின் உபகாரி என்னும் பட்டம் அவருக்கு அளிக்கப்பட்டது. பட்டம் பசி தீர்க்குமோ? வறுமையிலும் தனிமையிலும் முதுமை கழிந்தது. 1841ஆம் ஆண்டு ஜூன் முதல்நாள், 91ஆம் அகவையில், மாசியிலேயே உயிர்நீத்தார். தனிக்கல்லறையும் இன்றிப் பொதுக்குழியில் அடக்கம் பெற்றார். உலகின் பண்டசாலைகளை நிரப்பிய கைக்குத் தன் இல்லத்தை நிரப்ப இயலவில்லை.

தம் முறை பலிப்பதேன் என்பதை அவர் முற்றும் அறிந்திலர். காற்றே கேட்டுக்குக் காரணம் என்று கருதினார். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம் என்பதை 1860ஆம் ஆண்டையொட்டி லூயி பாஸ்டர் நிறுவினார். இன்று நாம் அறிந்ததொன்றை இங்கே கூறாது விடுதல் தகாது. புளிப்புடைய கனிகளைக் காக்கக் கொதிநீர் போதும். பட்டாணி, இறைச்சி முதலியவற்றிலோ, காற்றில்லா இடத்திலே நஞ்சு விளைக்கும் ஒரு கிருமியின் வித்துக் கொதிநீருக்கும் தப்பி உயிர்வாழும். அவற்றுக்கு அழுத்தக் கலத்தில் 121 பாகை அளவு வெப்பம் வேண்டும்.

கிருஷ்ணகிரியைச் சூழ்ந்துள்ள மாம்பழக்கூழ் ஆலைகளில் இன்று நிகழ்வது அப்பேரின் தொழிலேயாம். பெங்களூரா மாங்கனி கூழாகி, 3.1 கிலோ கொள்ளும் டப்பாக்களில் அடைபட்டு, கடல் கடந்து செல்கின்றது. ஆயினும் ஆலையின் வாயிலிலே விலை கேட்டு நிற்கும் உழவனுக்கு, அத்தொழிலின் எளிய பகுதி தன் வீட்டு அடுப்பிலும் நிகழத்தக்கது என்பது தெரிவதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் யாமும் எம் பாட்டியாரும் அதனைச் செய்து பார்த்தோம். மாம்பழக்கூழில் எலுமிச்சஞ்சாறு கூட்டி, பன்னிரண்டு சீசாக்களில் இட்டு, பழந்துணி சுற்றிக் கொப்பரையில் வேகவைத்தோம். ஒன்று அடுப்பிலேயே வெடித்தது. மற்றொன்று ஆடியில் நுரைத்துப் பொங்கியது. அதனைக் குழிதோண்டிப் புதைத்தோம். ஐப்பசியில் யாம் ஊர் சென்றபோது, புழக்கடையில் அவரையும் பரங்கியும் அறுவடையாகிக்கொண்டிருந்தன. மாமரத்தில் ஒரு காயும் இல்லை. ஆனால் வீட்டுப் பரணில் பத்துச் சீசாக்கள் பொன்னிறத்தோடு இருந்தன. அவற்றுள் நான்கை அயல்வீட்டாருக்குக் கொடுத்ததோடு, செய்முறையையும் பாட்டியார் அவர்களுக்குச் சொல்லி முடித்திருந்தார். அப்பேரின் பெயரை அவர் கேட்டறியார். எனினும் அப்பெரியாருடைய செயலை அன்று யாம் எம் வீட்டுத் திண்ணையிலே கண்டோம்.