பரீட்சையில் தவறியவருக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த 75 ரூபாய்

பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு என்று ஒரு மீனவர் ஊர் உண்டு. தோணி நிற்கும் துறை என்பது அந்தப் பெயரின் பொருள்.

இத்தகைய ஊரிலிருந்து ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போனால் அது ஒரு வீட்டுச் சேதி அல்ல. குப்பத்துக்கே சேதி. அந்தப் பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டால், பெற்றவர்கள் மனம் உடைந்து போவார்கள். இனிப் படிப்பு எதற்கு, வலையைப் பிடி என்று சொல்லத் தோன்றும்.

அப்படித் தோன்றும்போது ஒரு மனிதரை நினைத்துக்கொள்ள வேண்டும். அவர் கல்லூரிப் பரீட்சையில் ஒரு முறை அல்ல, மீண்டும் மீண்டும் தவறியவர். பட்டம் வாங்காதவர். ஆனால் பல்கலைக்கழகமே அவருக்கு மாதாமாதம் பணம் கொடுத்து, உட்கார்ந்து ஆராய்ச்சி செய்யச் சொன்னது.

அவர்தான் கணித மேதை சீனிவாச ராமானுஜன்.

துணிக்கடைக் குமாஸ்தாவின் மகன்

ராமானுஜன் 1887-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள். வசதி இல்லாத குடும்பம்.

பள்ளியில் ராமானுஜன் கெட்டிக்காரர். பரிசுகள் பல வாங்கினார். 1904-ல் உதவித்தொகை பெற்றுக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கேதான் வினை வந்தது. கணக்கைத் தவிர வேறு எதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார். உதவித்தொகை நின்றது. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார்.

பிறகு சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எப்.ஏ. என்ற கல்லூரிப் பரீட்சையை 1906-ல் எழுதினார். தவறினார். 1907-ல் மறுபடியும் எழுதினார். மறுபடியும் தவறினார். கணக்கில் மட்டும் சூரர். மற்றப் பாடங்கள் அவரைக் கீழே தள்ளின.

எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் மேலே போகலாம் என்பது விதி. விதி அவரை வெளியே நிறுத்தியது.

ஏரிக்கு வடக்கே ஒரு கலெக்டர்

காகிதம் வாங்கப் பணம் இல்லை. சிலேட்டில் கணக்குப் போடுவார். முழங்கையால் அழிப்பார். முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். 1909-ல் ஜானகி என்ற சிறுமியுடன் அவருக்குத் திருமணமும் நடந்துவிட்டது. வேலை தேடி அந்த நோட்டுடன் ஊர் ஊராக அலைந்தார்.

பழவேற்காடு ஏரியின் வடபகுதி அக்காலத்தில் நெல்லூர் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கணக்கில் ஆர்வம் கொண்டவர். 1910-ம் ஆண்டுக் கடைசியில் ராமானுஜன் அவரைப் பார்த்தார்.

கலெக்டருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. நோட்டைப் புரட்டிப் பேசப் பேசத்தான் வந்தவர் யார் என்று புரிந்தது. மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்தைக் கொடுத்தார். ஆனால் இலவசப் பணத்தில் நெடுநாள் வாழ ராமானுஜனுக்கு விருப்பம் இல்லை.

1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா ஆனார். சம்பளம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரியான நாராயண ஐயரும் கணக்குப் படித்தவர். துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துரையும் உதவிக்கு நின்றார்.

1913 ஜனவரியில் ராமானுஜன் தம் கண்டுபிடிப்புகளை எழுதி, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹார்டி என்ற பேராசிரியருக்கு அனுப்பினார். அவர் வியந்து பதில் எழுதினார். வானிலை இலாகாவின் தலைவர் வாக்கர் துறைமுகத்துக்கு வந்து நோட்டைப் பார்த்தார். இவருக்கு உதவ வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்.

கதவு திறந்தது

இப்போது பல்கலைக்கழகத்துக்குச் சங்கடம். ஆராய்ச்சி உதவித்தொகை எம்.ஏ. பட்டம் பெற்றவருக்கே உரியது. இவரோ எப்.ஏ. கூடத் தேறாதவர்.

விவாதம் நடந்தது. ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமைதானே என்ற வாதம் வென்றது. 1913 ஏப்ரலில் முடிவு வந்தது. மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. துறைமுகச் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு!

இவர் செய்ய வேண்டியது என்ன? பரீட்சை கிடையாது. யாருக்கும் பாடம் நடத்தவும் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, என்ன கண்டுபிடித்தேன் என்று அறிக்கை கொடுத்தால் போதும்.

திருவல்லிக்கேணியில் ஒரு சிறு வீடு. தாயாரும் மனைவியும் உடன் இருந்தார்கள். நாளைச் சோற்றுக்கு என்ன செய்வது என்ற கவலை நீங்கியது. மூன்று அறிக்கைகளைக் கொடுத்தார்.

சீமையில் படிப்பு

1914 மார்ச் 17-ந் தேதி கப்பல் ஏறினார். கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம் என்று வீட்டில் முதலில் தடை இருந்தது. பிறகு தாயார் சம்மதித்தார். குடுமியை எடுத்துவிட்டுக் கோட்டும் பூட்ஸும் போட்டுக்கொண்டார்.

கேம்பிரிட்ஜில் குளிர் வாட்டியது. அங்கே கட்டிலில் கம்பளிகளை விரித்து மடித்துச் செருகியிருப்பார்கள். அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. மேலேயே படுத்து நடுங்கினார். அங்கே படித்த வங்காள மாணவர் மகாலனோபிஸ் வழி காட்டினார். ராமானுஜன் சைவம். தாமே சமைத்துச் சாப்பிட்டார். அதே ஆண்டு உலக யுத்தம் மூண்டது. காய்கறி கிடைப்பதே கஷ்டமாயிற்று.

பல்கலைக்கழகத்தில் அவர் கற்றது என்ன? விடை அவருக்குச் சட்டென்று வரும். ஆனால் அது ஏன் சரி என்று படிப்படியாகக் காட்ட வேண்டும். அதுதான் நிரூபணம். அதை ஹார்டியிடம் கற்றார். ஹார்டியும் அவரிடம் கற்றார்.

இருவரும் செய்த ஒரு கணக்கைப் பாருங்கள். நாலு மீன் இருக்கிறது. எல்லாம் ஒரே மாதிரி. எத்தனை விதமாகக் கூறு போடலாம்? நாலும் ஒரே கூறு. மூன்றும் ஒன்றும். இரண்டும் இரண்டும். இரண்டும் ஒன்றும் ஒன்றும். நாலும் தனித்தனி. ஆக, 5 விதம்.

நூறு மீன் என்றால்? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம்! ஒவ்வொன்றாக எண்ணாமலே இத்தகைய விடையை நெருங்க இருவரும் 1918-ல் வழி சொன்னார்கள்.

பரீட்சையில் தவறியவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ், ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினர் ஆக்கியது. அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியில் பெல்லோ ஆனார். அந்தப் பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

ஆனால் உடல் நலிந்துவிட்டது. 1917 முதல் நோய், ஆஸ்பத்திரி வாசம்.

அவர் கேட்ட ஒன்று

சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் தருவதாக முடிவு செய்தது. 1919 ஜனவரியில் நோயாளியாக இருந்த ராமானுஜன் அங்கிருந்து ஒரு கடிதம் எழுதினார்.

இன்னும் அதிகம் வேண்டும் என்று கேட்கவில்லை. இந்தப் பணம் தமக்கு மிகுதி என்றார். பெற்றோருக்கு ஒரு பங்கும் தம் செலவும் போக மீதியை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் சம்பளம் கட்டவும் புத்தகம் வாங்கவும் செலவிடும்படி வேண்டினார்.

பீஸ் கட்ட முடியாமல் படிப்பு நின்ற பிள்ளையின் துயரம் அவருக்குத் தெரியும்.

1919-ல் தாய்நாடு திரும்பினார். படுக்கையிலும் சிலேட்டும் காகிதமும் அவரை விட்டுப் பிரியவில்லை. 1920 ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

கடைசி நாட்களில் அவர் எழுதிய தாள்கள் 1976-ல் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அகப்பட்டன. கணித அறிஞர்கள் அவற்றை ஆராய்ந்து பல நூல்கள் எழுதியிருக்கிறார்கள்.

பரீட்சை, அவருக்கு எது வராது என்று பார்த்தது. ஒரு கலெக்டரும், ஒரு மேலதிகாரியும், ஒரு பேராசிரியரும் அவருக்கு எது வரும் என்று பார்த்தார்கள். கதவு திறந்தது.

எல்லாப் பிள்ளைகளும் ராமானுஜன் ஆக முடியாது. ஆனால் ஏரிக்கரைக் குடிசையில் ஒரு பிள்ளை தவறிய மார்க்குடன் தலைகுனிந்து நிற்கும்போது, அந்த மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். அவன் நோட்டையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.