ஒளியை மருந்தாக்கிய ஃபின்சன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வெல்டிங் வேலை நடக்கும் இடத்தைக் கடக்கும்போது, கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். மின்சாரத்தில் எழும் அத்தகைய சுடரொளியைக் கொண்டே கொடிய நோயைத் தீர்த்தார் ஒருவர். அவரே நீல்ஸ் ரைபெர்க் ஃபின்சன்.

நம் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்களே டென்மார்க் நாட்டினர், அவர்களது ஆட்சியிலிருந்த ஃபரோ தீவுகளில் 1860 டிசம்பர் 15-ல் ஃபின்சன் பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். படிப்பில் முதல் மாணவர் அல்லர். ஐஸ்லாந்தில் எழுதிய பள்ளி இறுதித் தேர்வில் 15 பேரில் 11-ஆம் இடமே பெற்றார். ஆயினும் மனம் தளராமல் கோபன்ஹேகனில் மருத்துவம் பயின்று, 1890-ல் பட்டம் பெற்றார்.

மாணவப் பருவத்திலேயே இதயத்தையும் கல்லீரலையும் தாக்கும் தீராத நோய் அவரைப் பற்றிக்கொண்டது. வடக்குப் பார்த்த வீட்டில் வெயிலின்றிச் சோர்ந்திருந்த அவர், வெயில் பட்டால் உடல் தெம்படைவதை உணர்ந்தார். அதற்குக் காரணம் என்ன என்ற கேள்வியே அவரது வாழ்நாள் பணியாயிற்று.

அந்நாளில் தோலில் வரும் காசநோய் பலரின் முகத்தை அரித்து உருக்குலைத்தது. பார்ப்பவர் அஞ்சுவர் என்று நோயாளிகள் வெளியே வரவும் தயங்கினர். 1895-ல் கோபன்ஹேகன் மின் நிலையத்தில், பல ஆண்டுகள் இந்நோயால் வாடிய ஒருவருக்கு ஃபின்சன் மின்விளக்கின் ஒளியைச் செலுத்தினார். தோல் வெந்துபோகாமல் இருக்க வெப்பக் கதிர்களை நீரால் தடுத்தார். இரத்தம் ஒளியை உறிஞ்சிவிடும் என்பதால், குவார்ட்ஸ் கண்ணாடியால் தோலை அழுத்தி இரத்தத்தை விலக்கினார். நாள்தோறும் பொறுமையாகச் செய்த அச்சிகிச்சையால் புண் ஆறியது. 1896-ல் ஒளி மருத்துவ நிலையம் உருவாயிற்று. 1903-ல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பணத்திலும் ஒரு பகுதியை நிலையத்திற்கே அளித்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தம் நோயையும் ஆராய்ந்து எழுதிய அவர், 1904 செப்டம்பர் 24-ல், 43-ஆம் வயதில் மறைந்தார்.

காசநோய்க்கு மருந்துகள் வந்தபின் அவரது விளக்கு ஓய்வு பெற்றது. ஆனால் ஒளி மருத்துவம் ஓயவில்லை. மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தைகளை இன்று நீல ஒளியில் கிடத்துகிறார்கள். விபத்தில் எலும்பு நொறுங்கியவர்களுக்கு வேறு எலும்பை வைத்து ஒட்டுகிறார்களே, அந்த இடம் விரைவில் வளர மெல்லிய சிவப்பு லேசர் ஒளி உதவுமா என்றும் ஆராய்கிறார்கள். விலங்குகளில் செய்த சோதனைகள் பல நம்பிக்கை தருகின்றன. மனிதரிடத்தில் இன்னும் சான்று தேவை.

தோழியரே! பதினொன்றாம் இடம் பெற்ற ஒரு நோயாளி மாணவர் உலகுக்கு ஒளி தந்தார். மதிப்பெண் குறைந்ததென்று நாம் கலங்கலாமா?

— பத்தாம் வகுப்பு மாணவி