பனை நோய் கண்ட பட்லர்

அயர்லாந்து நாட்டில் கில்கீ என்னும் கடலோரச் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர் எட்வின் ஜான் பட்லர். கார்க் நகரில் மருத்துவம் பயின்று 1898இல் பட்டமும் பெற்றார். ஆயினும் அங்கே ஹார்ட்டாக் என்னும் பேராசிரியர் ஆராய்ந்துவந்த நீர்ப்பூஞ்சைகள் அவர் மனத்தைக் கவர்ந்துவிட்டன. 1901இல் இந்திய அரசுப் பணியேற்றுக் கல்கத்தா வந்தார். பின்னர் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையமே அவரது இருப்பிடமாயிற்று.

அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த கோதாவரிப் பகுதியில் பனைகள் குருத்தழுகிச் செத்துக்கொண்டிருந்தன. பனைக்கு ஒரே குருத்துத்தான். அது அழுகினால் மரமே போயிற்று, மரமேறியின் பிழைப்பும் போயிற்று. பட்லர் அழுகிய குருத்தை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். நோய்க்குக் காரணமான உயிரைப் புதிய இனமென 1907இல் அறிவித்து, பித்தியம் பால்மிவோரம் எனப் பெயர் சூட்டினார். நோயுற்ற மரத்தின் உச்சியை வெட்டி எரிப்பதே அன்றைய மருந்து.

பித்தியத்தில் ஸ்போர்ப்பைக்கு வெளியே மெல்லிய குமிழ் ஒன்று தோன்றும். நீந்தும் ஸ்போர்கள் அதற்குள்தான் உருப்பெறும். பைட்டாப்தொராவிலோ அவை பையின் உள்ளேயே உருவாகிவிடும். இவ்விரு பேரினங்களையும் பிரிக்கும் கோடு இதுவே. 1919இல் பட்லர் தாம் வைத்த பெயரைத் தாமே மாற்றி, பைட்டாப்தொரா பால்மிவோரா என்றார். அச்சேறிய தம் முடிவைத் தாமே திருத்த எத்தனை அறிஞர்க்கு மனம் வரும்?

அவர் காலத்தில் டி.என்.ஏ. சான்று ஏது? இன்று புதிய பூஞ்சையை அறிவிப்போர் உடலமைப்போடு டி.என்.ஏ. வரிசையையும் சேர்த்தே காட்டுகின்றனர். அவ்வரிசைகளின்படி பால்மிவோரா உண்மைப் பூஞ்சையே அன்று. பழுப்புப் பாசிகளுக்கு உறவு. அதன் செல்சுவரில் செல்லுலோஸ் இருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. இது வெறும் பெயர்ச் சண்டையன்று. பூஞ்சைகள் பலவற்றைக் கொல்லும் கார்பென்டசிம் இதனிடம் பலிப்பதில்லை. நம் முதலிபாளையத்தில் ஈரத்துணியில் படரும் பூசணமும் தென்னங்குருத்தைத் தின்னும் இதுவும் ஒன்றென்று எண்ணி மருந்து வாங்கினால் உழவர் காசு வீண்தான்.

துவரை வாடல் நோயின் புசேரியம் உடம் என்பதும் 1910இல் பட்லர் பெயரிட்டதே. அது பூஞ்சை என்பதில் டி.என்.ஏ.வுக்கும் மறுப்பில்லை.

1920இல் கியூ நகரில் தொடங்கிய பூஞ்சையியல் நிலையத்துக்கு முதல் இயக்குநராகச் சென்றார், 1939இல் சர் பட்டம் பெற்றார், 1943இல் மறைந்தார். பூசாவில் அவர் தொடங்கிய பூஞ்சைச் சேமிப்பு இப்போது புதுதில்லியில் இருக்கிறது. பால்மிவோராவின் முழுப்பெயரை எழுதுவோர் பட்லர் பெயரை இருமுறை எழுதவேண்டும்: முதலில் இனங்கண்டதற்காக அடைப்புக்குறிக்குள் ஒன்று, பேரினம் மாற்றியதற்காக வெளியே ஒன்று.