தகரக் கொட்டகையில் வளர்ந்த அகராதி

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் டென்ஹோம் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் தையற்கலைஞர் ஒருவரின் மகனாக 1837ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் பிறந்தவர் ஜேம்ஸ் மர்ரே. வறுமையின் காரணமாக 14ஆம் அகவையில் அவருடைய பள்ளிப் படிப்பு நின்றது, கற்றல் நிற்கவில்லை. ஊரைச் சுற்றியிருந்த செடிகொடிகளையும் பாறைகளையும் பழங்கல்வெட்டுகளையும் ஆராய்ந்தார். கிடைத்த நூல்களைக் கொண்டே இலத்தீன், பிரெஞ்சு, ஜெர்மன் எனப் பன்மொழிகளைத் தாமே கற்றார். பின்னர் ஹாயிக் நகரில் ஆசிரியரானார்.

மனைவியின் நலிவுற்ற உடல்நிலை அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றது. இந்தியாவுடன் வணிகத் தொடர்புடைய வங்கி ஒன்றில் அவர் எழுத்தரானார். குழந்தையை முன்பே இழந்திருந்த அவர், 1865இல் மனைவியையும் இழந்தார். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பணி வேண்டி, தாம் அறிந்த மொழிகளையெல்லாம் பட்டியலிட்டு விண்ணப்பித்தார். அப்பட்டியலின் நீளம் இன்றும் வியப்பளிப்பது. ஆயினும் பணி கிடைக்கவில்லை. மறுமணம் புரிந்துகொண்டு, 1870இல் மில் ஹில் பள்ளியில் மீண்டும் ஆசிரியப் பணியை ஏற்றார்.

அக்காலத்து அறிஞர் பலர் சொல்லின் பிறப்பைக் காதால் கண்டறிய முயன்றனர். இரு சொற்களின் ஒலி ஒத்திருந்தால், ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்ததாக முடிவு கட்டினர். பொதுமக்களோ ஒருபடி மேலே சென்று, விளங்காத அயற்சொல்லைத் தமக்கு விளங்கும் சொல்லாகவே மாற்றிக்கொண்டனர். 'அஸ்பராகஸ்' என்னும் கீரைத்தண்டின் பெயர் நாட்டுப்புற நாவில் 'ஸ்பேரோ கிராஸ்', அதாவது சிட்டுக்குருவிப் புல், ஆயிற்று. கரப்பானைக் குறித்த 'குகராச்சா' என்னும் ஸ்பானியச் சொல், சேவலைச் சுட்டும் 'காக்' என்பதை முன்னே தாங்கிக் 'காக்ரோச்' ஆனது. சேவலுக்கும் கரப்பானுக்கும் எவ்வுறவும் இல்லை. இவ்வாறு பொருள் விளங்கவேண்டிச் சொல்லின் வடிவையே திரிப்பதை மக்கள்வழிச் சொற்பிறப்பு என்பர். கேட்பதற்கு இனிக்கும் இத்தகைய விளக்கங்களிலிருந்து உண்மையைப் பிரித்தெடுப்பது எவ்வாறு? சான்று ஒன்றே வழி என்பது மர்ரேயின் உறுதி. ஒரு சொல் எந்த நூற்றாண்டில், எந்த நூலில், எவ்வடிவில், எப்பொருளில் வந்தது என்பதைக் காலவரிசையில் அடுக்கினால், அச்சொல் தன் வரலாற்றைத் தானே காட்டிவிடும்.

இலண்டன் மொழிநூற் கழகம் தொடங்கித் தளர்ந்திருந்த பேரகராதியின் பொறுப்பு 1879இல் அவரை வந்தடைந்தது. முன்னவர்கள் திரட்டிய சீட்டுகள் ஏறக்குறைய இரண்டு டன் எடையுடன் மூட்டைகளாக வந்திறங்கின. ஒரு மூட்டையில் செத்த எலி கிடந்தது. மற்றொன்றில் உயிருள்ள எலி குட்டிகளுடன் குடியிருந்தது. 'எச்' எழுத்துச் சீட்டுகள் இத்தாலியின் பிளாரன்சில் இருந்தன. 'பா' எனத் தொடங்கும் சொற்களுக்கான சீட்டுகளுள் பெரும்பாலானவை அயர்லாந்தில் அடுப்பு மூட்டப் பயன்பட்டு எரிந்துபோயிருந்தன. மர்ரே மனம் தளராமல், ஆங்கிலம் படிப்போர் அனைவரும் நூல்களைப் படித்துச் சொற்சான்றுகளை எழுதி அனுப்புமாறு துண்டறிக்கைவழி வேண்டினார். நூற்றுக்கணக்கானோர் ஊதியமின்றி உதவினர்.

பள்ளி வளாகத்தில் அவர் அமைத்த தகரக் கொட்டகையே அகராதியின் முதல் பணிமனை. 1885இல் ஆக்ஸ்போர்டுக்குக் குடிபெயர்ந்தபின் வீட்டுத் தோட்டத்தில் வேறொரு கொட்டகை எழுந்தது. காட்சியை மறைக்கிறது என்று அண்டை வீட்டார் குறைகூறியதால், அதன் அடிப்பகுதியைத் தரைக்குள் தாழ்த்திக் கட்ட நேர்ந்தது. குளிரும் ஈரமும் வாட்டிய அவ்விடத்தில், காற்றுப் படாதிருக்கக் கால்களைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அவர் எழுதியதுண்டு. அவருடைய பதினொரு மக்களும் சிறுகாசு பெற்றுக்கொண்டு சீட்டுகளை அகரவரிசைப்படுத்தினர். கடிதங்கள் குவிந்தமையால் அஞ்சல் துறை அவர் வீட்டின் எதிரிலேயே அஞ்சற்பெட்டி ஒன்றை நாட்டியது.

பத்தாண்டில் முடியும் என்று கணக்கிட்ட பணியில், ஐந்தாண்டு உழைப்பின் பயனாக 1884இல் வெளிவந்த முதற்பகுதி 'ஏ' எழுத்தையே தாண்டவில்லை. விரைந்து முடிக்குமாறு பதிப்பகத்தார் நெருக்கினர். தரத்தைக் குறைக்க மர்ரே இசையவில்லை. இத்துணைக் கவனத்திற்கிடையிலும் 'பாண்ட்மெய்ட்' என்னும் சொல்லின் சீட்டுகள் தவறிப்போய், அச்சொல் இடம்பெறாமலே அப்பகுதி அச்சேறியது. அவ்விடுபாடு அவரை வருத்தியது.

'சி' எழுத்தைத் தொகுத்தவரும் அவரே. நம் கட்டுமரம் 'கேட்டமரான்' ஆகவும், சுருட்டு 'செரூட்' ஆகவும் ஆங்கிலத்தில் குடியேறிய வரலாறு அங்கே பதிவாயிற்று. கட்டுமரத்திற்கு அம்மொழியில் நேர்ந்த கதி விந்தையானது. அச்சொல் சண்டையிடும் பெண்ணையும் குறிக்கலாயிற்று. அதன் முதற்பகுதி பூனையைக் குறிக்கும் 'கேட்' என்பதோடு ஒலியால் ஒத்ததே காரணம் எனக் கருத இடமுண்டு. கட்டுதல் என்னும் நம் வினையை அறியாத நாவு, அங்கே பூனையைக் கண்டுகொண்டது!

1908இல் அரசு அவருக்குச் சர் பட்டம் வழங்கியது. எண்பதாம் பிறந்தநாளுக்குள் அகராதியை முடித்துவிட விழைந்தார். நோயுற்ற நிலையிலும் கொட்டகைக்குச் சென்று 'டி' எழுத்துச் சொற்களை ஆய்ந்துவந்த அவர், 1915 ஜூலை 26 அன்று மறைந்தார். உடன் பணியாற்றிய பதிப்பாசிரியர்கள் தொடர்ந்து உழைக்க, 1928இல் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுடன் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி நிறைவுற்றது. அதன் பக்கங்களுள் ஏறக்குறைய பாதி மர்ரேயின் பதிப்பில் உருவானவை.