இல்லம் தேடிச் சென்ற செவிலித்தாய்

செஞ்சி என்றதும் எல்லோர் நெஞ்சிலும் எழுவன கோட்டையும் தேசிங்கு ராஜனும்தாம். ராஜகிரியின் உச்சியை அண்ணாந்து பார்த்து வளர்ந்த நமக்கு வீரம் என்றால் வாளும் குதிரையுமே நினைவுக்கு வரும். 2025ஆம் ஆண்டு நம் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றபோது நாம் பூரித்துப் போனோம். அந்தப் பூரிப்பு தகும். ஆனால் இங்கிருந்து கிழக்கே, பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய் இறங்கக்கூடிய திண்டிவனத்தில் வாளேந்தாத வீரம் ஒன்றும் பிறந்தது. மூன்று முறை தட்டப்பட்ட ஒரு வீட்டுக் கதவின் பின்னே ஓர் இரவில் அது பிறந்தது.

அந்த வீரத்துக்கு உரியவர் டாக்டர் ஐடா ஸ்கடர். வேலூரில் பெரிய மருத்துவமனையைக் கண்டவர் என்று அவரை நாம் அறிவோம். சேத்துப்பட்டு, ஆரணி வழியாகப் பேருந்து பிடித்து அங்கே சென்று வந்தவர்கள் நம் ஊர்களில் பலருண்டு. ஆயினும், நோயாளி இருக்கும் இடத்துக்கே மருத்துவமும் செவிலியமும் போக வேண்டும் என்று பாடுபட்டவர் அவர் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதை எண்ணிப் பார்க்கும்படி என் வீட்டிலேயே ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

மறுத்த மகள்

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மருத்துவத் தொண்டு புரிந்த அமெரிக்கர். பின்னர்ச் சென்னைக்கும் வந்தவர். தந்தையாரும் மருத்துவரே. ஐடா சிறுமியாக இருந்தபோது தாது வருடப் பஞ்சம் வந்தது. பட்டினியால் துவண்ட பிள்ளைகளுக்கு ரொட்டியைப் பிட்டு ஊட்டிய கைகள் அந்தச் சிறுமியின் கைகள்.

அந்தக் காட்சிகள் அவருக்கு இந்த நாட்டின்மீது அச்சத்தையே வளர்த்தன. அமெரிக்காவில் படித்த காலத்தில், குடும்பத்தார் போன வழியில் தாம் போவதில்லை என்று அவர் உறுதி பூண்டிருந்தார். தாயார் உடல்நலம் குன்றியதால்தான் 1890இல் திண்டிவனம் வந்தார். சில காலம் உடனிருந்துவிட்டுத் திரும்பிவிடுவது அவருடைய திட்டம்.

மூன்று தட்டல்கள்

அப்படியிருக்கையில் ஓரிரவு கதவு தட்டப்பட்டது. வாசலில் நின்றவர் ஓர் அந்தண இளைஞர். அவருடைய இளம் மனைவி பேறுகாலத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஐடாவோ மருத்துவம் படித்தவரல்லர். தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். வேற்று ஆடவர் ஒருவர் தம் மனைவியைப் பார்ப்பதை ஏற்க முடியாதென்று அந்த இளைஞர் திரும்பிவிட்டார். சற்றுப் பொழுதில் இசுலாமியர் ஒருவர் அதே துன்பத்தோடு வந்தார். அதே மறுமொழியோடு சென்றார். மூன்றாவதாக வந்த இந்துவும் அவ்வாறே போனார்.

ஐடா அன்றிரவு உறங்கவில்லை. பொழுது விடிந்தது. பறையொலி கேட்டது. விசாரித்ததில் மூன்று பெண்களும் இறந்துவிட்டது தெரிந்தது. மருந்து இருந்தது, மருத்துவரும் இருந்தார். ஆனால் அந்த வீடுகளுக்குள் நுழையக்கூடிய ஒரு பெண்ணின் கை இல்லாமற் போயிற்று. அந்தக் கை தம்முடையதாக இருக்கட்டும் என்று இருபது வயதை ஒட்டிய அந்தப் பெண் முடிவு செய்தார்.

அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்றார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில், பெண்களுக்கு இடமளித்த முதல் வகுப்பினருள் ஒருவராகப் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலருடன் 1900இல் தமிழகம் வந்தார். வந்த சில மாதங்களில் தந்தையார் காலமானார். துணையிழந்த அந்த இளம் மருத்துவர், வேலூரில் தாம் குடியிருந்த வீட்டிலேயே வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் 5,000 பேர் அவரிடம் வந்து சென்றனர். 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

நான்காவது கை

மருந்தைப் பற்றிப் பேசும் வள்ளுவர், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, நோயாளியின் பக்கத்திலிருந்து காலமறிந்து மருந்தூட்டுபவரையும் சமமாக வைத்து எண்ணுகிறார். நம் சமுதாயம் முதல் மூன்றையும் மதித்தது. நான்காமவரை மதிக்கத் தவறியது. பிறர் உடலைத் தொட்டுத் துடைப்பதும், மலசலம் எடுப்பதும், இரவில் வெளியே தங்கிப் பணிபுரிவதும் குடும்பப் பெண்ணுக்கு அடாத செயல்கள் என்று கருதப்பட்ட காலம் அது.

ஐடா இந்தக் குறையை உணர்ந்தார். தாம் ஒருவர் எத்தனை அறுவை மருத்துவம் செய்தாலும், அதன்பின் புண்ணைக் கழுவிக் கட்டவும் காய்ச்சலைக் கணிக்கவும் பயிற்சி பெற்ற கைகள் இல்லையேல் பயனில்லை. ஆகவே 1909இல், டீலியா ஹவுட்டன் என்னும் செவிலியரின் துணையோடு செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மருத்துவப் பள்ளி வந்தது 1918இல்தான். பெண்களுக்கான அப்பள்ளிக்கு மூன்று விண்ணப்பம்கூட வராது என்று ஐயுற்றார் அரசு மருத்துவத் துறையின் உயரதிகாரி; வந்தவையோ 151. செவிலியத்துக்கு ஒன்பதாண்டு முன்னுரிமை தந்தார் ஐடா என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே காலத்தில் அவர் மற்றொன்றும் செய்தார். மருத்துவமனைக்கு வர இயலாதவர்களை நாடித் தாமே புறப்பட்டார். பிரெஞ்சு நாட்டுப் பியூஜோ கார் ஒன்று அவருக்குக் கிடைத்தது. குதிரை பூட்டாமல் ஓடும் வண்டியைக் கண்டு மக்கள் மிரண்டு ஓடினார்களாம். நாளடைவில் அச்சம் தீர்ந்தது. வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் குறித்த நாளில், குறித்த மரத்தடிகளில் நோயாளிகள் காத்திருந்தனர். கண்நோய், ஆறாத புண், தொழுநோய் எல்லாவற்றுக்கும் அங்கேயே மருத்துவம் நடந்தது. ஒரு வாரம் கட்டிய கட்டை மறு வாரம் அவிழ்த்துப் பார்த்து மாற்றுவதற்கு ஆள் வரும் என்ற நம்பிக்கை சிற்றூர்களில் பிறந்தது. அன்று திண்டிவனத்தில் அவர் கதவை நோயாளிகளின் உறவினர் தட்டினர்; இப்போது நோயாளிகளின் வாசலுக்கு அருகே அவரே போய் நின்றார்.

இதில் தமிழ் மாணவர்களாகிய நமக்கு ஒரு வியப்பு உண்டு. சங்க அகப்பாடல்களில் செவிலித்தாய் வருகிறாள். மணமாகிச் சென்ற தலைவியின் மனைக்குப் போய், அவள் எப்படி வாழ்கிறாள் என்று நேரில் கண்டு, திரும்பி வந்து நற்றாய்க்கு எடுத்துரைப்பது அவள் கடமைகளுள் ஒன்று. அதற்கெனத் தனித் துறையே உண்டு. வீட்டுக்குச் செல்லுதல், கண்ணால் காணுதல், உரியவரிடம் வந்து சொல்லுதல் என்ற இந்த மூன்றும் இன்றைய இல்லச் செவிலியத்தின் மூன்று படிகள் அல்லவா? நர்சுக்குச் செவிலி என்று பெயர் வைத்த தமிழறிஞர் யாராயினும் அவரைக் கைகூப்பி வணங்கத் தோன்றுகிறது.

மருத்துவப் படிப்பு பட்டத் தரத்துக்கு உயர வேண்டும் என்ற நிலை வந்தபோது, எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். 1946இல் அவருடைய செவிலியர் பள்ளி சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கல்லூரியாகி, செவிலியத்தில் இளங்கலைப் பட்டம் வழங்கும் தகுதி பெற்றது. தாழ்வாக எண்ணப்பட்ட பணி பல்கலைக்கழகப் படிப்பாயிற்று. 1960ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், கொடைக்கானலில் தம் 89ஆம் வயதில் அவர் கண்மூடினார்.

எங்கள் வீட்டுத் திண்ணையில்

இனி, முன்பு சொல்வதாகக் கூறிய நிகழ்ச்சி. என் ஆயாவுக்குப் பக்கவாதம் வந்தது. மருத்துவமனையில் மூன்று வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிர் பிழைத்துவிட்டார், இனி என்ன என்று நாங்கள் இருந்துவிட்டோம். அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்கச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பத்தே நாளில் இடுப்பின் பின்புறம் படுக்கைப்புண் கண்டது. பிழை முழுவதும் எங்களுடையது.

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி செவிலியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் புண்ணைக் கழுவிக் கட்டியதைவிட எங்களுக்குக் கற்றுக் கொடுத்ததே பெரிது. இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது, விரிப்பு ஈரமின்றிச் சுருக்கமின்றி இருப்பது, தலையை உயர்த்தி வைத்து உணவு கொடுப்பது, மரத்த கையை மடக்கி நீட்டுவது என ஒவ்வொன்றையும் என் தாயாரைச் செய்யச் சொல்லி அருகிருந்து திருத்தினார். ஒரு நாற்பது பக்க நோட்டில் மருந்து கொடுத்த நேரமும் இரத்த அழுத்தமும் எழுதப் பழக்கினார். அடுத்த முறை மருத்துவரிடம் போனபோது, அவர் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நோட்டைத்தான் கேட்டு வாங்கிப் படித்தார். மருத்துவமனைக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையே அந்த நோட்டு பாலமாயிற்று.

நான்கு மாதத்தில் புண் ஆறியது. மறு ஆண்டு ஆயா மறைந்தார். ஆனால் புண்ணோடு மறையவில்லை. தம் வீட்டில், துவைத்த சேலையில், எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே போனார்.

இன்னொன்றையும் நான் மறைக்கலாகாது. அதற்கு முன்னரே என் தங்கை செவிலியம் படிக்க விரும்பினாள். அந்த வேலை நம் பெண்ணுக்கு வேண்டாம் என்று பெரியவர்கள் தடுத்தார்கள். வரலாறு படிக்கும் நானும் வாய் திறக்கவில்லை. 1909இல் ஐடா எதிர்த்து நின்ற அதே சுவர் எங்கள் வீட்டுக்குள் நின்றது. அதில் நானும் ஒரு கல்லாக இருந்தேன். ஆயாவின் கட்டிலருகே ஓராண்டு நின்ற பிறகுதான் அந்தச் சுவர் இடிந்தது. இவ்வாண்டு தங்கை மீண்டும் விண்ணப்பித்திருக்கிறாள். இம்முறை விண்ணப்பத்தை நிரப்பியவன் நான்.

நண்பர்களே, கோட்டை கட்டியவர்களை நாடு மறப்பதில்லை. குடிசைக்குள் குனிந்து நுழைந்தவர்களையும் நாம் மறவாதிருப்போம். நம் வீட்டுப் பெண் ஒருத்தி செவிலியம் படிக்க விரும்பினால், திண்டிவனத்தில் அன்று விடிந்த காலையை நினைத்துக்கொள்வோம். அவள் வழியில் நிற்காதிருப்போம்.