சுப்பிரமணியன் சந்திரசேகர்

பொள்ளாச்சிச் சந்தையின் ஜனநெருக்கத்தில் அகப்பட்ட சிறுவன் இங்குமங்கும் இடிபட்டுத் தள்ளப்படுவதை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். அடுத்த இடி எத்திசையினின்று வருமென்று அறிதல் இயலாது. ஆயினும், நூறு முறை ஓரோர் அடியாகத் தள்ளப்பட்டவன் புறப்பட்ட இடத்தினின்றும் ஏறத்தாழப் பத்தடித் தொலைவில் நிற்பானென்று கணிதம் கூறும். நீரில் மிதக்கும் நுண்டுகள்களின் ஓயாச் சலனத்தை 1905-ல் ஐன்ஸ்டைன் இம்முறை பற்றியே விளக்கினார். இத்தகைய தற்செயலியக்கத்தையும், அதனின் வேறாகிய குவாண்டம் இயலையும் ஒருங்கே ஆண்ட தமிழர் சந்திரசேகர்.

இவர் 1910 அக்டோபர் 19-ல் லாகூரில் பிறந்தார். தந்தையார் ரயில்வே கணக்குத்துறை உத்தியோகஸ்தர். சிறிய தந்தையார் ஸர் சி. வி. ராமன். சென்னை இராஜதானிக் கல்லூரியில் இவர் பயின்ற காலை, 1928-ல் ஜெர்மானிய அறிஞர் ஸொம்மர்பெல்டு அந்நகருக்கு வந்தார். அவருடைய நூலைக் கரைத்துக் குடித்திருந்த மாணாக்கர் அவரைக் காணச் சென்றார். அந்நூலிற் கண்ட கொள்கை பழையதாயிற்று என்பதே ஆசிரியர் வாயினின்று கிடைத்த செய்தி! பிறரெனின் மனமுடைந்திருப்பர். இவரோ புதிய கொள்கையைத் தாமே கற்று, மறு ஆண்டே இங்கிலாந்தின் ராயல் சொஸைட்டி வெளியீட்டில் கட்டுரை எழுதினார்.

1930 ஜூலை 31-ல் பம்பாயிற் கப்பலேறினார். வாயுவின் அணுக்கள் உஷ்ணத்தால் அலைவன, குளிர்ந்தால் அடங்குவன. இது பழைய கொள்கை. குவாண்டம் இயலிலோ இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருத்தல் ஆகாது. ஆதலின் குளிர்ந்தொடுங்கிய நக்ஷத்திரத்திலும் அவை விரைந்தியங்கியே தீரும். அவ்வியக்கமே அதனைத் தாங்குகின்றது. அத்தாங்கும் ஆற்றலுக்கும் எல்லையுண்டு என்பதைச் சந்திரசேகர் அக்கப்பலிலேயே கணித்தறிந்தார். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு நிறைக்கு மேற்பட்டவை அந்நிலையில் நிலைத்து நில்லா.

1935 ஜனவரி 11-ல் லண்டன் வானசாஸ்திர சபையில் இம்முடிவை எடிங்டன் நகையாடினார். தனிமையில் இவர்பக்கம் நியாயங் கண்ட பேரறிஞரும் பகிரங்கமாக வாய்திறந்திலர். அம்மௌனமே நகையினும் கொடிதென்று நமக்குத் தோன்றுகிறது. இவர் பூசலை வளர்க்காமல், ஆராய்ந்தவற்றை 1939-ல் நூலாக்கிவிட்டு வேறு துறை புகுந்தார்.

அத்துறைதான் தற்செயலியக்கம். அண்டை நக்ஷத்திரங்களால் ஈர்க்கப்படும் நக்ஷத்திரத்தின் நிலை சந்தைச் சிறுவன் நிலையே. 1943-ல் இவர் அமெரிக்காவில் வெளியிட்ட நெடுங்கட்டுரை இவ்விஷயத்தை அடிப்படையினின்று தொகுத்துரைத்தது. 1954-ல் நூல்வடிவில் மீண்டும் அச்சேறிற்று.

மாணாக்கர் மயங்கும் இடமொன்று இங்குண்டு. துகள்கள் பரவும் சமன்பாடும் ஷ்ரோடிங்கரின் சமன்பாடும் உருவத்தில் உடன்பிறந்தவை போல்வன. இதனை ஷ்ரோடிங்கரே 1931-ல் எடுத்துக் காட்டினார். முக்கிய வேற்றுமை −1-ன் வர்க்கமூலம் ஒன்றே. அதனால் விளைவது பெரிது: சந்தைச் சிறுவன் ஓரிடஞ் சேர இரு வழிகள் உளவாயின், அவ்விரண்டின் வாய்ப்புகளும் கூடும். எலக்ட்ரானுக்கோ அவ்விரு வழிகள் ஒன்றையொன்று அழித்து, அவ்விடத்தை அடையவொட்டாமலும் தடுக்கலாம்.

கப்பற் பிரயாணத்திற்கு 53 ஆண்டுகளின் பின், 1983-ல், நோபெல் பரிசு இவரை வந்தடைந்தது. 1995 ஆகஸ்டு 21-ல் சிக்காகோ நகரில் காலமானார்.