15 கோடிப் பறவைகளைக் கணக்கிட்ட மாலுமி

1798-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி. பொழுது விடியும் நேரம்.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே ஒரு சிறு கப்பல் போய்க் கொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் பத்தே பேர். திடீரென்று தெற்கே இருந்து பறவைகள் கிளம்பி வந்தன. காக்கை அளவு உள்ள கருநிறக் கடற்பறவைகள். அரை மணி ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. கூட்டம் முடியவில்லை! ஒன்றரை மணி நேரம் இடைவிடாமல் பறந்து சென்றது.

வேறு ஒருவராக இருந்தால், எண்ணற்ற பறவைகள் என்று எழுதிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார். கப்பல் தலைவர் மாத்யூ பிளிண்டர்ஸ் விடவில்லை. கணக்குப் போட்டார்.

கூட்டத்தின் அகலம் 300 கெஜம். மேலிருந்து கீழே 50 கெஜம். வேகம் மணிக்கு 30 மைல். (மாலுமிகளின் மைல் நம் மைலைவிடச் சற்று நீளம்.) அப்படியானால் ஒன்றரை மணியில் கடந்து போன கூட்டத்தின் நீளம் 45 மைல். ஒரு பறவை சிறகடிக்க 9 கன கெஜம் இடம் என்று வைத்துக் கொண்டார். வந்த விடை: 15 கோடியே 15 லட்சம் பறவைகள்!

அதோடும் நிற்கவில்லை. இந்தப் பறவைகள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுபவை. ஜோடிக்கு ஒரு வளை, வளைக்கு ஒரு சதுர கெஜம் என்றால் பதினெட்டரை சதுர மைல் நிலம் வேண்டும் என்றும் கணக்கிட்டார்.

கணக்கு சரிதானா? அகலத்தையும் உயரத்தையும் அவர் குறைத்தே எடுத்துக் கொண்டார். ஆனால் பறவைகள் எல்லா இடத்திலும் ஒரே நெருக்கமாகப் பறந்திருக்குமா? அங்கே பிசகு இருக்கலாம். தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் முட்டையிட வரும் இந்த இனப் பறவைகள் சுமார் 2 கோடியே 30 லட்சம் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டார்கள்.

கிடைத்தது புது வழி

பிளிண்டர்ஸ் பறவை பார்க்கப் போனவர் அல்ல. டாஸ்மேனியா தனித் தீவா, ஆஸ்திரேலியாவோடு ஒட்டிய நிலமா என்று அப்போது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கவே நண்பர் ஜார்ஜ் பாஸுடன் புறப்பட்டார். பறவைகளைக் கண்ட அதே நாளில், தென்மேற்கிலிருந்து பெரிய அலைகள் உருண்டு வந்தன. மேற்கே திறந்த கடல் இருக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்து விட்டது. தீவைச் சுற்றிக்கொண்டு 1799 ஜனவரியில் சிட்னி திரும்பினார்கள்.

பிளிண்டர்ஸ் 1774-ல் இங்கிலாந்தில் டானிங்டன் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை வைத்தியர். பையனோ ராபின்சன் குரூசோ கதையைப் படித்துவிட்டுக் கடலுக்குப் போனவன்!

1801 ஏப்ரலில் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவியைக் கப்பலில் அழைத்துச் செல்ல மேலதிகாரிகள் விடவில்லை. மூன்றே மாதத்தில் தனியாகப் புறப்பட்டார். ஆஸ்திரேலியா முழுவதையும் சுற்றி வந்து படம் வரைந்தார். ஊருக்குத் திரும்பும் வழியில் கப்பல் பாறையில் மோதி உடைந்தது. திறந்த படகில் 700 மைல் சென்று மற்றவர்களுக்கு உதவி கொண்டு வந்தார். அதன் பிறகு மொரீசியஸ் தீவில் ஒதுங்கினார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை நடந்த காலம் அது. ஒற்றன் என்று சந்தேகித்துப் பிடித்து வைத்தார்கள். ஆறரை வருடம்!

1810-ல் வீடு திரும்பினார். மனைவி ஒன்பது வருடம் காத்திருந்தாள். 1812-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

உடம்பு கெட்டுவிட்டது. ஆனாலும் தம் பயணங்களைப் புத்தகமாக எழுதினார். அந்தப் பறவைக் கணக்கும் அதில் இருக்கிறது. 1814 ஜூலை 18-ந் தேதி புத்தகம் வெளிவந்தது. அப்போது அவர் நினைவு தப்பிக் கிடந்தார். மறுநாள் உயிர் பிரிந்தது. வயது 40.

லண்டனில் அவரைப் புதைத்த இடம் காலப்போக்கில் மறைந்து போயிற்று. அதன்மேல் யூஸ்டன் ரெயில் நிலையம் விரிந்தது. 2019-ல் அங்கே புது ரெயில் பாதைக்காகத் தோண்டியபோது ஒரு சவப்பெட்டி அகப்பட்டது. அதன்மேல் இருந்த ஈயத் தகட்டில் அவர் பெயர் இருந்தது. 2024 ஜூலையில் டானிங்டனுக்குக் கொண்டு போய், பிறந்த ஊரிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.